இரசாயன உயிரியலில் முதுமாணிப் படிப்பு: சிட்னி, மெல்பேர்ண் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

வருமானவரிப் பத்திரம் நிரப்பும் மாதங்களில் எம்மிடம் வருபவர்கள் வரியோடு பிள்ளைகளின் படிப்பையும் கேட்பது வழக்கம். "அண்ணை, மகள் கெமிக்கல் பயோலஜியிலை மாஸ்டர்ஸ் செய்யப் போறாளாம். மெடிசின் கிடைக்கேல்லை எண்டு இதுக்குப் போறாளோ? இதுக்கு வேலை இருக்கோ? எவ்வளவு முடியும்?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. நாம் வணிகம் படித்தவர்கள். ஆய்வுகூடத்துள் நின்றவர்கள் அல்லர். ஆனால் கட்டணமும் கடனும் விசாவும் எமக்குப் பழக்கமானவை. இந்தப் படிப்பில் பிழை விடும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிழை விடுகின்றன. ஆகவே படிப்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

இது என்ன படிப்பு?

உயிரிரசாயனவியல், கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராய்கிறது. இரசாயன உயிரியல் ஒரு படி உள்ளே இறங்குகிறது. ஆய்வுகூடத்தில் புதிதாக ஒரு மூலக்கூறைச் செய்து, அதைக் கலத்துக்குள் அனுப்பி, ஒரு புரதத்தை நிறுத்தியோ அதன் மேல் அடையாளம் ஒட்டியோ பார்த்து, அந்தப் புரதத்தின் வேலை என்ன என்று அறிகிறது. அதாவது கேள்வி உயிரியலுடையது, கருவி இரசாயனவியலுடையது. மருந்தாக்க இரசாயனவியல் இதற்குப் பக்கத்து வீடு. அங்கே கடைசி இலக்கு நோயாளி கையில் ஒரு மருந்து. இங்கே இலக்கு விளக்கம். மருந்து அதன் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

2022 ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசு கரோலின் பெர்டோசி, மோர்ட்டன் மெல்டால், பாரி சார்ப்லெஸ் ஆகிய மூவருக்கும் கிடைத்தது இத்துறையை வெளியுலகுக்குக் காட்டியது. உயிருள்ள கலத்தின் இயல்பான தாக்கங்கள் எதையும் குழப்பாமல் அதற்குள்ளேயே இரு மூலக்கூறுகளைப் பொருத்தும் முறையைப் பெர்டோசி உருவாக்கினார்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. பெப்தைட்டுகளைப் படிப்படியாகக் கட்டுவது, திணிவு நிறமாலை, கருக் காந்தப் பரிவு, புரதப் பளிங்குகளை எக்ஸ்-கதிரால் படமெடுப்பது, கல வளர்ப்பு ஆகியவையே மாணவரின் அன்றாட வேலை. இவற்றுள் எக்ஸ்-கதிர் வேலைக்குப் பயன்படும் அவுஸ்திரேலிய சிங்க்ரோட்ரோன் மெல்பேர்ணின் கிளேய்ட்டனில் 2007 முதல் இயங்குகிறது.

இந்த மண்ணிலேயே நடந்தவை

சிட்னியில் 1917 இல் பிறந்த ஜோன் கோர்ன்ஃபோர்த் சிறு வயதிலேயே செவிப்புலனை இழக்கத் தொடங்கியவர். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளைக் கேட்க முடியாமல் புத்தகங்களைக் கொண்டே படித்தார். 1939 இல் புலமைப்பரிசிலுடன் ஒக்ஸ்போர்ட் சென்றார். நொதியங்கள் நடத்தும் தாக்கங்களில் அணுக்கள் எந்தப் பக்கமாக வந்து சேர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக 1975 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரசாயன உயிரியல் என்ற பெயர் பரவலாவதற்கு முன்பே அவர் செய்தது இந்த வேலைதான்.

மெல்பேர்ணில் பார்க்வில் என்ற ஒரே சுற்றாடலில் இரண்டு பெரிய கதைகள் உள்ளன. முதலாவது ரெலென்சா. இன்புளுவென்சா வைரசு கலத்தை விட்டு வெளியேற உதவும் நியூராமினிடேஸ் என்ற நொதியத்தின் வடிவத்தை, சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் பீற்றர் கோல்மனும் ஹோசே வர்கீசும் 1983 இல் வெளியிட்டனர். அந்த வடிவத்தின் குழிக்குள் பொருந்தும் மூலக்கூறை, விக்ரோறிய மருந்தாக்கல் கல்லூரியில் மார்க் வொன் இற்ஸ்ரைன் தலைமையிலான குழு உருவாக்கியது. 1999 இல் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அந்தக் கல்லூரி 1992 இல் மொனாஷ் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

இரண்டாவது வெனெற்றோகிளாக்ஸ். பி.சி.எல்-2 என்ற புரதம் புற்றுநோய்க் கலங்களைச் சாகவிடாமல் காக்கிறது என்பதை 1988 இல் வோல்ரர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனத்தில் டேவிட் வோ, சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோர் காட்டினர். அந்தப் புரதத்தை அடைக்கும் மருந்து பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டுறவுடன் உருவாகி, 2016 இல் அமெரிக்காவிலும் 2017 இல் அவுஸ்திரேலியாவிலும் அங்கீகாரம் பெற்றது. இடையில் 28 வருடங்கள். வருட முடிவில் கணக்கு மூடிப் பழகிய எமக்கு இந்த எண் ஒரு பாடம்: இத்துறையில் பலன் மெதுவாக வரும், அதைத் தெரிந்துகொண்டே உள்ளே போகவேண்டும்.

சிட்னியில் இன்று நடப்பதற்கு ஓர் உதாரணம் பேராசிரியர் ரிச்சர்ட் பெய்னின் குழு. உண்ணியும் நுளம்பும் நம் குருதியைக் குடிக்கும்போது அது உறையாமல் இருக்கச் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றை ஆய்வுகூடத்தில் செய்து, குருதி உறைவுக்கான மருந்தாக மாற்ற முடியுமா என்று இந்தக் குழு ஆராய்கிறது.

முதுமாணி யாருக்குத் தேவை?

ஊரில் இளமாணிக்குப் பின் முதுமாணி, அதன் பின் கலாநிதி என்று ஏணிப்படி போல நினைத்துப் பழகியிருக்கிறோம். அவுஸ்திரேலியாவில் அப்படியல்ல. இங்கே மூன்று வருட இளமாணிக்குப் பின் ஹொனர்ஸ் என்ற ஒரு வருட ஆய்வு உண்டு. அதில் முதல் வகுப்பு, அதாவது பொதுவாக 80 புள்ளிக்கு மேல், எடுத்தவர் நேராகக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சிட்னியில் படிக்கும் பிள்ளை ஹொனர்ஸ் செய்யக்கூடியவராக இருந்தால், முதுமாணிக்கு இரண்டு வருடம் செலவிட வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008 இல் தன் பாடத்திட்ட அமைப்பை மாற்றியது. அங்கே ஆய்வுக்குப் போகும் விஞ்ஞான மாணவருக்கு இரண்டு வருட முதுவிஞ்ஞானமாணியே வழமையான பாதை. அதன் பெரும் பகுதி ஒரு மேற்பார்வையாளரின் கீழ் செய்யும் ஆய்வு.

முதுமாணி உண்மையில் பயன்படுவது மூன்று வகையினருக்கு. யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ கொழும்பிலோ மூன்று வருடப் பொதுப் பட்டம் முடித்து வந்தவர்களுக்கு, இங்கே ஆய்வு அனுபவம் என்ற சான்றை அது கொடுக்கிறது. ஹொனர்ஸ் செய்யாமல் வேலைக்குப் போய், சில வருடம் கழித்துத் திரும்புபவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது, துறை மாறுபவர்கள்.

துறை மாறத் தயங்குபவர்களுக்கு ஒருவரைச் சொல்லவேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976 இல் அமெரிக்காவில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றபின், மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். புரதங்களைக் கட்டும் இரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009 இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எங்கே தேடுவது?

இரசாயன உயிரியல் என்ற பெயரிலேயே பட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலும் அது வேறு பெயர்களின் கீழ் இருக்கும். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முதுவிஞ்ஞானமாணியாகப் பதிந்து, பயோ21 நிறுவனத்தில் ஆய்வு செய்யலாம். வோல்ரர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனத்தில் ஆய்வு செய்யும் மாணவர்களும் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே பதிகிறார்கள். மொனாஷில் பார்க்வில் வளாகத்து மருந்தாக்கல் விஞ்ஞான நிறுவனத்தையும், கிளேய்ட்டன் வளாகத்து இரசாயனவியல், உயிரிரசாயனவியல் துறைகளையும் பாருங்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்திலும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு வழி முதுமாணி உண்டு.

பட்டத்தின் பெயரை விட மேற்பார்வையாளர் முக்கியம். விண்ணப்பத்துக்கு முன் அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதவேண்டும். அவருடைய அண்மைய இரண்டு கட்டுரைகளையாவது வாசித்து, அதில் ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் வரும் வாய்ப்புக் கூடும். அதே ஆய்வுகூடத்தில் இருக்கும் மாணவர் இருவரிடமும் பேசவேண்டும்: மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், முன்னைய மாணவர்கள் உரிய காலத்தில் முடித்தார்களா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று. கடை வாங்கும்போது மூன்று வருடக் கணக்குப் புத்தகம் கேட்கிறோம் அல்லவா, அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

ஒரே வகுப்பு, வேறு வேறு விலை

ஒரே வாங்கில் இருந்து படிக்கும் நான்கு தமிழ்ப் பிள்ளைகள் நான்கு விதமாகப் பணம் கட்டலாம். அதைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் விசா.

அவுஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவர், அரச ஆதரவு இடம் கிடைத்தால், குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். விஞ்ஞானப் பாடங்களுக்கு 2025 இல் முழு வருட உச்சத் தொகை 9,314 டொலர். அதை ஹெக்ஸ் கடனில் போடலாம். ஆனால் பட்டப்பின் படிப்புகள் எல்லாவற்றிலும் இந்த இடங்கள் இல்லை. இல்லாதபோது முழுக் கட்டணம். அதற்கு ஃபீ-ஹெல்ப் கடன் எடுக்கலாம்.

தொழில் அல்லது குடும்ப வழியில் நிரந்தர வதிவிடம் பெற்றவருக்கு அதே குறைந்த கட்டணம் உண்டு, கடன் கிடையாது. பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். இது தெரியாமல் அனுமதி பெற்ற பின் தவிக்கும் குடும்பங்கள் பல.

அகதியாக நிரந்தர மனிதாபிமான விசா பெற்றவருக்குக் கடனும் உண்டு. தற்காலிகப் பாதுகாப்பு விசாவிலும் பாதுகாப்பான புகலிடத் தொழில்முயற்சி விசாவிலும் பத்து வருடம் காத்திருந்த எம்மவர்களுக்கு, 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவான 851 இன் கதவு திறந்தது. அதுவும் இந்த வகைக்குள் வருகிறது. 851 கிடைத்தும் இன்னும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் பதிவாகியிருக்கும் பிள்ளை இருந்தால், உடனே பல்கலைக்கழகத்தின் பதிவுப் பிரிவில் புதிய விசாக் கடிதத்தைக் கொடுங்கள்.

பிரிட்ஜிங் விசாவில் இன்னும் தொங்கிக்கொண்டிருப்போரின் நிலைதான் நெஞ்சை உறுத்துவது. இங்கேயே பாடசாலை முடித்த பிள்ளையும் வெளிநாட்டு மாணவராகக் கணக்கிடப்படுகிறார். அது பெரிய பல்கலைக்கழகங்களில் வருடம் 50,000 டொலர் அளவிலும் அதற்கு மேலும் போகும். சில விசாக்களில் படிக்கவே கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். அதை முதலில் பாருங்கள். புகலிடம் கோருவோருக்கெனக் கட்டணத்தை முழுதாகத் தள்ளும் புலமைப்பரிசில்களைச் சில பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. இடங்கள் சிலவே. ஆயினும் விண்ணப்பிக்காமல் விடுவதே பெரிய இழப்பு.

இவற்றிலிருந்து வேறுபட்டது ஆய்வு வழி முதுமாணி. ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் கீழ் குடியுரிமை உள்ளவர்களுக்கும் எந்த வகை நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் இரண்டு வருடம் வரை கட்டண விலக்கு இருக்கிறது. உதவித்தொகைக்குப் போட்டி உண்டு. அதன் அடிப்படைத் தொகை 2025 இல் வருடத்துக்கு 33,511 டொலர்; முழுநேர மாணவருக்கு அதற்கு வரி இல்லை. ஆகவே "மாஸ்டர்ஸ்" என்று பிள்ளை சொன்னதும் பாடநெறி வழியா ஆய்வு வழியா என்று கேளுங்கள். பல்லாயிரம் டொலர் அந்தப் பதிலில் இருக்கிறது.

கடனுக்குப் பயப்பட வேண்டுமா?

இக்கடனுக்கு வட்டி இல்லை. வருடாவருடம் ஜூன் 1 இல் விலைவாசி அல்லது சம்பள உயர்வு, இரண்டில் குறைந்ததன்படி கூடும். 2025 ஜூன் 1 இல் இருந்த கடன்களில் 20 வீதத்தைக் குறைக்கும் சட்டமும் நிறைவேறியது; பின்னர் எடுக்கும் கடனுக்கு அது பொருந்தாது.

2025-26 வரி வருடத்துக்கு, 67,000 டொலருக்கு மேற்பட்ட வருமானத்தில் டொலருக்கு 15 சதம் என்று அறவிடுவதாக இருந்தது. அந்த வருடம் 80,000 டொலர் உழைத்தவர் 13,000 டொலருக்கு மட்டும் கட்டுவார். அது 1,950 டொலர். அந்த வருடம் வருமானம் 67,000 க்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக் கடன் எடுக்கும்போது வங்கி இந்தக் கழிவையும் பார்க்கும்.

வேலை

பல்கலைக்கழகப் பதவி ஒரு சிலருக்கே. மற்றவர்கள் சி.எஸ்.எல். போன்ற நிறுவனங்களிலும், மருத்துவப் பரிசோதனைகளை நடத்தும் நிறுவனங்களிலும், மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பிலும், காப்புரிமைப் பணியிலும், பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியராகவும் இருக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் வைத்தியருடையதைப் போல் உறுதியானதல்ல. அரச வேலைகள் பலவற்றுக்குக் குடியுரிமை தேவை. ஆகவே தகுதி வந்தவுடன் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று: ஆய்வுகூட வேலை நேரம் பார்க்காது. கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் உணவு மாற்றவேண்டும். இரவில் சுப்பர்மார்க்கெட்டிலும் பகலில் ஆய்வுகூடத்திலும் நிற்கலாம் என்று திட்டமிடும் பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் உடைந்துபோகிறார்கள். குடும்பம் அந்த இரண்டு வருட வாடகையைத் தாங்குமானால், அதுவே நாம் கொடுக்கக்கூடிய பெரிய உதவி.

பெற்றோருக்கு

எழுபதுகளில் தரப்படுத்தல் எம் மாணவருக்கு விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் பீடங்களின் வாசலை ஒடுக்கியது. பெறுபேறு இருந்தும் இடம் கிடைக்காத அண்ணன்மாரையும் அக்காமாரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காயத்தால்தான் "டொக்டர் இல்லையென்றால் தோல்வி" என்று இன்னும் பேசுகிறோம். பிள்ளை இத்துறையைத் தேர்ந்தால் அதை மருத்துவத்தின் மிச்சமாகப் பார்க்கவேண்டாம். வெனெற்றோகிளாக்ஸை எழுதிக் கொடுப்பவர் வைத்தியர். அப்படி ஒன்றைச் செய்யலாம் என்று கண்டவர்கள் ஆய்வுகூடத்தில் நின்றவர்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: பிள்ளையின் விசா வகை; பாடநெறி வழியா ஆய்வு வழியா; மேற்பார்வையாளர் யார்; இரண்டு வருட வாடகை எங்கிருந்து வரும். நான்குக்கும் பதில் இருந்தால் பிள்ளையை மனநிறைவோடு அனுப்புங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டால், ஒரு தவணை தள்ளிப்போட்டு அதைத் தேடுங்கள்.