ஊராரைக் கேட்டெழுதிய குரங்குக் கணக்கு

1973இல் ஜப்பானிய ஆய்வாளர் தகயோஷி கானோ, அப்போது சயீர் எனப்பட்ட கொங்கோவின் மழைக்காட்டு ஊர்களுக்குச் சைக்கிளில் போய், போனபோ எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். பெல்ஜிய அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மண்டையோட்டை வைத்து இந்த வாலில்லாக் குரங்கு 1929இலேயே தனியாக இனங்காணப்பட்டிருந்தது. ஆனால் காட்டில் அது வாழும் விதம் பற்றி அறிவியலுக்கு அதிகம் தெரியாது. ஊராருக்குத் தெரியும். அவர்கள் சொன்ன வழியே போய் வாம்பாவை அடைந்த கானோ, 1974இல் அங்கே நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். வாம்பா மக்கள் மரபாகப் போனபோவைக் கொன்று தின்பதில்லை. அது அவர்கள் முன்னோர் விதித்த விலக்கு. குரங்கு எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதோடு, ஏன் மிஞ்சியது என்பதையும் அறிந்திருந்தவர்கள் அவர்கள்தான்.

ஊர்ச்சொல் வழிகாட்டத்தான் உதவும், கணக்குக்கு ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. போர்னியோவின் கலிமந்தான் பகுதியில் 2008–09இல் நடந்த ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. ஒராங்குட்டான்களை மதிப்பிட வழக்கமாக அவை இரவில் தங்கக் கட்டும் கூடுகளை எண்ணுவார்கள். கூடு எத்தனை நாளில் சிதையும் என்பது மரத்துக்கும் மழைக்கும் ஏற்ப மாறுவதால் அந்தக் கணக்கிலும் ஊகம் கலந்தே இருக்கிறது. தவிர, காணாமற்போன குரங்குக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கூடு சொல்லாது. 687 ஊர்களில் 6,983 பேரிடம் கேட்டபோதுதான் அது தெரிந்தது: ஆண்டுக்குச் சராசரியாக 1,950 முதல் 3,100 ஒராங்குட்டான்கள் வரை கொல்லப்பட்டு வந்திருக்கக்கூடும்.

இதில் பொய் இருக்காதா? டச்சுக்காரர் காலத்திலேயே, 1931 முதல், சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு அது. கொன்றதை ஒப்புக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லை. மறைப்பவர்களே அதிகம் இருப்பார்கள். நினைவுப் பிழையையும், வேறு குரங்கை ஒராங்குட்டான் என்று மயங்குவதையும் நான் லேசாக ஒதுக்கமாட்டேன். விலங்குகளைச் சரியாக அடையாளம் காட்ட முடிகிறதா என்று சோதித்து, முடியாதவர் பதிலைத் தள்ளிவிடுவதே அதற்கு வழி. கலிமந்தானில் அப்படித்தான் செய்தார்கள். பின்னர் 2018இல் வெளிவந்த ஆய்வு, 36,555 கூடுகளின் பதிவுகளைக் கொண்டு, 1999க்கும் 2015க்கும் இடையே போர்னியோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களை இழந்ததாகக் கணித்தது. காடு அழிந்த இடங்களில் மட்டுமல்ல, மரங்கள் நிற்கும் காட்டிலும் பெருமளவு இழப்பு. அதற்கு வேட்டை முக்கியக் காரணம் என்ற முடிவு, ஊரார் ஏற்கெனவே சொன்னதோடு பொருந்துகிறது.

ஒரு காட்டில் எத்தனை குரங்குகள் என்ற துல்லிய எண்ணை ஊராரிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்குக் கூடுகளை எண்ணத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கணக்கெடுப்பும் ஊர் விசாரணையிலிருந்து தொடங்கட்டும். உண்மை சொன்னவரின் பெயர் காவல்துறைக்குப் போகாது என்ற உறுதியையும் ஆய்வாளர்கள் முதலிலேயே தரவேண்டும்.