தீர்ப்புக்குக் காத்திருந்த ஊர்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலே ஊர்சூழ்வரி என்றொரு பகுதி உண்டு. கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தியபடி கண்ணகி மதுரைத் தெருக்களில் அரற்றிக்கொண்டு போகிறாள். ஊரார் அவளைச் சூழ்ந்து வருகிறார்கள். அவளோடு அழுகிறார்கள். அரசனுடைய முறை பிழைத்துவிட்டதே என்று மனம் பதறுகிறார்கள். அரண்மனைக்கு வெளியே நிற்கும் சாதாரண சனங்களுக்கும் இளங்கோவடிகள் காப்பியத்திலே இடம் ஒதுக்கினார் என்பது என்னை எப்பொழுதும் வியக்கவைக்கும் செய்தி.

ஆனால் அந்த ஊராருக்குக் காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. தண்டனை முதலில் முடிந்துவிட்டது. வழக்கு அதன் பிறகுதான் வருகிறது. வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வியும் இதுதான்: "அந்தச் சிலம்பை முதலிலேயே உடைச்சுப் பாத்திருக்கலாம்தானே, சேர்?" பார்த்திருக்கலாம். பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், காவலர் போனார்கள். இடையில் ஒரு நாள் தவணை இருந்திருந்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பது தெரிந்திருக்கும்.

கொலைவழக்கைப் பொதுமக்கள் பின்தொடர்வது நமக்குப் புதிதன்று. அச்சியந்திரம் வந்த காலந்தொட்டுக் கொலைச்சிந்துகள் என்ற மலிவுப் பதிப்புகள் தமிழகத்துச் சந்தைகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் விற்பனையாகின. கொலை நடந்த ஊர், கொன்றவர், கொல்லப்பட்டவர், ஒப்பாரி, தண்டனை என எல்லாம் மெட்டோடு வரும். படித்தவர்கள் இவற்றை இலக்கியத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எனினும் சிந்துக்காரனுக்கு ஒரு குறை உண்டு. அவனால் காத்திருக்க முடியாது. யார் குற்றவாளி என்பது முதலடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

இலங்கையிலே ஊரெல்லாம் காத்திருந்த வழக்கு என்றால் சதாசிவம் வழக்கைத்தான் முதியவர்கள் சொல்வார்கள். மகாதேவா சதாசிவம் பெயர்பெற்ற துடுப்பாட்டக்காரர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 1951 ஒக்ரோபர் 9ஆந் திகதி அவருடைய மனைவி பம்பலப்பிட்டியிலுள்ள வீட்டில் இறந்து கிடந்தார். கணவர் கைதானார். வீட்டு வேலைக்காரப் பையன் மன்னிப்புப் பெற்று முடிக்குரிய சாட்சியானான். 1953இல் புதுக்கடை நீதிமன்றத்தில் 57 நாட்கள் விசாரணை நடந்தது. எதிரிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் என்ற சட்ட மருத்துவ அறிஞர் வந்து எதிரி தரப்பில் சாட்சியமளித்தார். வழக்கு முழுவதும் ஒரு மணிக்கூட்டைச் சுற்றியே நின்றது எனலாம். கணவர் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரத்துக்கு முன்னா, பின்னா மரணம் நிகழ்ந்தது என்பதுதான் கேள்வி. 1953 யூன் 25ஆந் திகதி யூரிமார் குற்றவாளி அல்லர் என்றனர். ஏறக்குறைய 20 மாதங்கள் மறியலில் இருந்த மனிதர் வெளியே வந்தார். தேநீர்க்கடைகளில் வேறு தீர்ப்புச் சொன்னவர்கள் பின்னும் அதையே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. இழந்தது அவர்கள் வீட்டுப் பிள்ளையை அல்ல.

இனி எங்கள் தீவுக்கு வருகிறேன். அங்கே அது பொழுதுபோக்கு அன்று.

வேலணையிலிருந்து தாம்போதியால் கடலைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவன பனைகளும் ஆளில்லா வீடுகளும். 1991இல் தீவுகள் இராணுவத்தின் கைக்குப் போனபோது வெளியேறிய குடும்பங்களிற் பல திரும்பவில்லை. இறுப்பிட்டிப் பக்கத்திலும் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடுகளைக் காணலாம். மிஞ்சியிருந்த குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்தவை. அப்படிப்பட்ட ஊரிலே, 2015 மே 13ஆந் திகதி காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட உயர்தர மாணவியொருவர் பாடசாலை போய்ச் சேரவில்லை. மறுநாள் பற்றைக்குள் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். அந்தப் பிள்ளையின் பெயரை நாடே அறியும். நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை.

அடுத்த ஒரு வாரத்தில் நடந்தவை ஊரின் நெஞ்சிலே நெருப்பை வைத்தன. சந்தேகநபர்கள் சிலர் ஊரவர்களே. மற்றொருவரைப் பொதுமக்கள் பிடித்துக் கட்டிவைத்தும் அவர் எப்படியோ கைநழுவிக் கொழும்புக்குப் போய்விட்டார், அங்கேதான் அகப்பட்டார். அவர் தப்பிச் செல்ல உதவினார் என்ற குற்றச்சாட்டில் 2017 யூலையில் பொலிஸ் உயரதிகாரி ஒருவரே கைதானார் என்பதைப் பார்த்தால், சனங்கள் அன்று சந்தேகப்பட்டதில் நியாயம் இல்லை என்று எவர் சொல்லுவார்? மே 20ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் கடைகள் பூட்டப்பட்டன. நீதிமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சந்தேகநபர்களை எங்களிடம் தாருங்கள் என்ற குரல் எழுந்தது. கற்கள் பறந்தன, நீதிமன்றக் கட்டடத்தின் கண்ணாடிகள் நொறுங்கின, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகி விளக்கமறியலுக்குப் போயினர். சில நாட்களில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணம் வந்து மாணவியின் குடும்பத்தைச் சந்தித்தார்.

பிறகு தொடங்கியது காத்திருப்பு. ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் தவணைக்கு மேல் தவணை. விளக்கமறியல் நீடிக்கப்பட்டது என்ற ஒரே வாக்கியம் பத்திரிகையில் எத்தனை தடவை வந்திருக்கும்! ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு ஊரிலுள்ளோர் அதே மறுமொழியைச் சொல்லிச் சொல்லிச் சலித்தார்கள். வழக்கு மறக்கப்பட்டுவிடும் என்றனர் சிலர். இது காசுள்ளவனுக்கான நீதி என்றனர் வேறு சிலர். மறக்கவில்லை. 2017 யூன் மாத இறுதியில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் விசாரணையைத் தொடங்கியது. பாலேந்திரன் சசிமகேந்திரன், அன்னலிங்கம் பிரேம்சங்கர், மாணிக்கவாசகர் இளஞ்செழியன் ஆகியோர் அந்த மூவர். யூரிமார் இல்லை. எதிரிகள் ஒன்பது பேர்.

விசாரணை நடந்துகொண்டிருந்த யூலை 22ஆந் திகதி நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் வாகனத் தொடருக்கு அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் உயிரிழந்தார். இது வழக்கைத் தடுக்க நடந்ததே என்று சனங்கள் அன்றிரவே முடிவு கட்டினார்கள். பொலிசார் அந்தத் தொடர்பை மறுத்தனர். சிலாபத்திலிருந்து வந்த ஒரு சிங்கள உத்தியோகத்தருக்காக யாழ்ப்பாணம் துக்கம் காத்தது. அவருடைய குடும்பத்தினர் முன் நீதிபதி விழுந்து அழுத படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர் மறந்திருக்கமாட்டார். நீதிபதி மறுபடி ஆசனத்தில் அமர்ந்தார். விசாரணை நிற்கவில்லை.

2017 செப்ரெம்பர் 27ஆந் திகதி தீர்ப்பு. நீதிமன்றத்தைச் சுற்றிப் பலத்த பாதுகாப்பு. வீதியிலே மீண்டும் சனக்கூட்டம். இரண்டு ஆண்டுகளும் நாலு மாதங்களும் கடந்திருந்தன. இம்முறை கல் பறக்கவில்லை. நீதிபதிகள் ஒருமனதாக ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தனர். 30 ஆண்டுக் கடூழியச் சிறையும், மாணவியின் குடும்பத்துக்கு ஒவ்வொருவரும் பத்து இலட்சம் ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்ற கட்டளையும் சேர்ந்தன. தூக்கு எப்போது என்று கேட்டவர்களும் இருந்தனர். இந்நாட்டில் 1976இற்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதை அவர்களுக்கு எவர் எடுத்துச் சொல்வது!

ஊரிலே பேச்சு முழுவதும் அந்த ஏழு பேரைப் பற்றியதாகவே இருந்தது. மற்ற இருவரைப் பற்றிப் பேசியவர் குறைவு. எதிரிகள் வரிசையில் முதலாவதாக நின்றவரும் ஏழாவதாக நின்றவரும் அன்றே விடுதலையானார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. 2015 மே 20ஆந் திகதி, எங்களிடம் தாருங்கள் என்று வீதியிலே குரல் எழுந்தபோது அந்த இருவரும் மறியலில்தான் இருந்தார்கள்.