திரையெழுத்துத் திருந்திய வரலாறு

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கணினியில் எழுதித் தந்த கட்டுரையைத் திரையிலேயே படித்துத் திருத்த நேர்ந்தது. முச்சுழி ணகரம் வரவேண்டிய மூன்று இடங்களில் இருசுழி னகரம் வந்திருப்பதாகக் கருதிக் குறியிட்டேன். பின்னர் எழுத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது மூன்றும் ணகரமாகவே இருந்தன. சிறிய அளவிலே சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போனமையே என் மயக்கத்துக்குக் காரணம். எழுத்துப் பிழை மாணவனுடையதும் அன்று, என்னுடையதும் அன்று, திரையினுடையது. அப்பிழையின் வரலாற்றைத் தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

எழுத்துருக் கோப்பினுள் ஒவ்வோர் எழுத்தும் வளைகோடுகளாலான புறவரையாகவே உறைகின்றது. அதனைக் காகிதத்திலோ திரையிலோ காட்டுங்கால் சிறு சதுரப் புள்ளிகளாக மாற்றல் வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி இடும் அச்சுப்பொறியிலே, 12 பொயின்ற் எழுத்துக்கு 100 புள்ளி உயரம் வாய்க்கின்றது. அங்குலத்துக்கு 96 புள்ளி கொண்ட திரையிலோ அதே எழுத்துக்கு வாய்ப்பவை 16 புள்ளிகளே. நிலைக்கோடு ஒன்றின் தடிப்பு ஒன்றரைப் புள்ளியளவில் வந்து நிற்கும். அந்த அரைப்புள்ளியை ஏற்பதா, விடுவதா? ஓரிடத்தில் ஏற்று மற்றோரிடத்தில் விட்டால், ஒரே சொல்லில் ஒரு கால் தடித்தும் மறுகால் மெலிந்தும் தோன்றும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு அப்பிள் நிறுவனம் கண்ட பரிகாரம் 'ட்றூரைப்' என்னும் எழுத்துரு முறையாகும். சம்போ காசிலா என்பவர் வகுத்த இம்முறை 1991 இல் அப்பிளின் 'சிஸ்ரம் 7' உடனும், 1992 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் 'விண்டோஸ் 3.1' உடனும் மக்கள் கைக்கு வந்தது. எழுத்தின் வடிவத்தோடு, "இவ்விளிம்பைப் புள்ளியின் எல்லைக்கு நகர்த்துக, இக்காலின் தடிப்பை அக்காலின் தடிப்போடு ஒப்பாக்குக" என்றாற்போன்ற கட்டளைகளையும் சேர்த்து வைத்தமையே இதன் புதுமை. இக்கட்டளைகளை வழிகாட்டுக் குறிப்புகள் என்பர். எழுத்துக்கெழுத்து அவற்றைக் கையால் எழுதுதல் பெரும் உழைப்பு.

1996 இல் டேவிட் ரேணர் என்பவர் 'பிறீரைப்' என்னும் மென்பொருளைத் தொடங்கினார். றொபேட் வில்ஹெல்மும் வேர்னர் லெம்பேர்க்கும் பின்னர் அவரோடு சேர்ந்தனர். எவரும் எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் வழங்கவும் கூடிய திறந்தமூல மென்பொருள் இது. இன்று லினக்ஸ் கணினிகளிலும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் எழுத்தை வரைவது இதுவே. ட்றூரைப் குறிப்புகளை இயக்கும் பகுதி இதற்குத் தொடக்கத்திலேயே இருந்தது. ஆயினும் குறிப்புகளை இயக்கும் முறைக்கு அப்பிள் நிறுவனம் ஆக்கவுரிமை பெற்றிருந்தது. ஆக்கவுரிமை என்பது ஒரு புதுமுறையைக் குறித்த காலம்வரை பிறர் கையாளாதவாறு அரசு வழங்கும் தனியுரிமை. ஆகவே குறிப்புகள் எழுத்துருவினுள் இருந்தன, அவற்றை வாசிக்கும் நிரலும் ஆக்கியோர் கையில் இருந்தது. அந்நிரலை இயங்கும் நிலையில் வழங்கத்தான் வழியில்லை. சமைத்த சோற்றைப் பரிமாற முடியாத நிலை.

அந்நிலையிலே பிறந்ததுதான் தானியங்கிக் குறிப்பாக்கி. 2000 இல் வெளிவந்த பிறீரைப் இரண்டாம் பதிப்பில் இடம்பெற்ற இது, எழுத்துருவினுள் உள்ள கட்டளைகளை நாடாமல் புறவரையையே ஆராயும். எவை கால்கள், எவை கிடைக்கோடுகள், எழுத்துகளின் தலைமட்டம் எது, அடிமட்டம் எது என்று தானே கண்டு, அவற்றைப் புள்ளிகளோடு பொருத்தும். இதனை வேறு வழியின்மையால் வந்த ஒட்டுவேலை என்று கூறுவாரும் உளர். எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. கட்டளைகள் கைக்கெட்டாதபோதுதான், ஓர் எழுத்து எழுத்தாகத் தெரிவதற்கு மெய்யாகவே வேண்டுவது யாது என்ற வினா எழுந்தது. இக்குறிப்பாக்கியின் 'மென்' முறை எழுத்தை மேல்கீழாக மாத்திரமே நகர்த்திற்று. பக்கவாட்டில் அதனைத் தொடவில்லை. இதன் பெறுமதி பின்னரே விளங்கியது.

இதற்கிடையே திரையே மாறிவிட்டது. நீர்மப் பளிங்குத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிலைப்பட்டைகளால் ஆனது. அப்பட்டைகளை உட்புள்ளிகள் என்போம். மூன்றையும் தனித்தனியே ஆண்டால் கிடைத்திசையில் நுணுக்கம் மும்மடங்காகும். 1998 நவம்பரில் மைக்ரோசொவ்ற் இவ்வுத்தியைக் 'கிளியர்ரைப்' என்னும் பெயரால் அறிவித்தது. இதனை ஒத்த தந்திரம் ஒன்றை ஸ்ரீவ் வொஸ்னியாக் 1977 ஆம் ஆண்டின் அப்பிள் 2 கணினியிலேயே நிறத் தொலைக்காட்சியின் இயல்பைக் கொண்டு கையாண்டிருந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மும்மடங்கு நுணுக்கம் இலவசமாகக் கிடைப்பதன்று. பட்டைகளைத் தனித்தனியே ஒளிரச்செய்தால் எழுத்தின் ஓரங்களில் நிறம் கசியும். ஒவ்வோர் உட்புள்ளியின் ஒளியையும் அயலிலுள்ளவற்றோடு பங்கிட்டே அதனைத் தணிக்கலாம். பிறீரைப்பின் இயல்பான வடிகட்டி 256 பங்குகளை ஐந்து உட்புள்ளிகளுக்கு 8, 77, 86, 77, 8 என வகுக்கின்றது. நடுவில் உள்ளதற்கும் மூன்றிலொரு பங்கையே விட்டுவைக்கும் இப்பங்கீட்டால் நிறக்கசிவு அடங்கும். எழுத்துச் சற்றே மங்கும். இம்முறைக்கு மைக்ரோசொவ்ற் ஆக்கவுரிமை பெற்றிருந்தமையால், பிறீரைப்பில் இதுவும் இயல்பு நிலையில் மூடியே வைக்கப்பட்டது. ஒரு வேலிக்கு இரு வேலிகள் ஆயின.

முதல் வேலி 2010 மே மாதத்தில் நீங்கிற்று. அப்பிளின் ஆக்கவுரிமைகள் காலாவதியாயின. அவ்வாண்டு யூலையில் வந்த 2.4 ஆம் பதிப்பு குறிப்பியக்கியை எல்லோர்க்கும் திறந்துவிட்டது. பத்தாண்டு காத்திருந்தோர் எதிர்பார்த்த நன்மை முழுமையாக வாய்த்ததா? இல்லை. பழைய குறிப்புகள் முழுப்புள்ளியையே அலகாகக் கொண்டு எழுதப்பட்டவை. உட்புள்ளி ஈட்டித்தந்த நுணுக்கத்தை, "காலை முழுப்புள்ளிக்கு நகர்த்துக" என்ற கட்டளை ஒரே அடியில் அழித்துவிடும். எழுத்துகளுக்கிடையேயான வெளியும் குலையும். மக்சிம் ஷெமனாரெவ் 2007 இலேயே எழுத்துவரைதல் பற்றிய தம் கட்டுரையில், மேல்கீழ்ப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டுப் பொருத்தத்தை விட்டுவிடுவதே தக்கது எனப் படங்களோடு காட்டியிருந்தார். மைக்ரோசொவ்ற்றும் தன் கிளியர்ரைப்பில் பக்கவாட்டுக் கட்டளைகளைப் பெரிதும் புறக்கணிக்கும் வழியையே பின்பற்றியது.

திறந்தமூல உலகு அம்முடிவை அடைந்த வழி சுற்றுவழி. 2012 டிசம்பரில் வந்த 2.4.11 ஆம் பதிப்பில் 'இன்பினாலிற்றி' என்னும் திருத்தத்தொகுதி சேர்க்கப்பட்டது. இன்ன எழுத்துருவில், இன்ன அளவில், இன்ன கட்டளையைத் தள்ளுக என்று நீண்ட விதிப்பட்டியலை அது கொண்டிருந்தது. பட்டியலில் இடம்பெற்ற எழுத்துருக்கள் அழகாகத் தோன்றின. ஆயினும் உலகிலுள்ள எழுத்துருக்கள் அனைத்துக்கும் விதிவிலக்கு எழுதி முடியுமா? இலக்கணம் கற்பிப்போர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர்.

2016 செப்டெம்பரில் வந்த 2.7 ஆம் பதிப்பில் நிக்கொலாஸ் வக்ஸ்வைலர் அப்பட்டியலைக் கைவிட்டுப் புதுமுறை ஒன்றை அமைத்தார். அதுவே இயல்பு முறையாயிற்று. பழைய குறிப்புகளின் பக்கவாட்டு நகர்வுகளை அது ஏற்பதில்லை. இடைப்பட்ட இடங்கள் இரு திசையிலும் சீராக்கப்பட்ட பின்னர், குறித்த அளவுகளுக்கெனச் செய்யப்படும் கடைசிநேரத் திருத்தங்களையும் ஏற்பதில்லை. எஞ்சுவது மேல்கீழ்ப் பொருத்தமே. தானியங்கிக் குறிப்பாக்கியின் மென்முறை வறுமையிலே கண்ட வழியும் இதுதான் என்பது நோக்கற்பாலது.

இரண்டாம் வேலி நிற்கையிலேயே அதனைச் சுற்றிப்போகவும் ஒரு வழி கண்டனர். 2017 செப்டெம்பரில் 2.8.1 ஆம் பதிப்பிலே அலெக்சி பொட்டெலெஷ்னிகொவ் அமைத்த 'ஹார்மனி' முறை, புறவரையை நிறத்துக்கு நிறம் புள்ளியின் மூன்றிலொரு பங்கு தள்ளிவைத்து, மூன்று முறை சாதாரணமாக வரைந்து சேர்க்கின்றது. தனி வடிகட்டியே வேண்டியதில்லை. கிளியர்ரைப் ஆக்கவுரிமைகள் 2019 ஓகஸ்ற்றில் முடிவுற்ற பின்னரும் ஹார்மனி வழக்கொழியவில்லை.

அப்பிள் நிறுவனமோ 2018 இல் தன் கணினிகளின் இயல்பு நிலையிலிருந்து உட்புள்ளி முறையையே நீக்கிவிட்டது. செறிந்த புள்ளிகளையுடைய திரைக்கு அது வேண்டியதில்லை என்பது உண்மையே. பழைய திரையை வைத்திருப்போர்க்கு அது ஆறுதலாகாது.

மீண்டும் ணகரத்துக்கு வருவோம். அதன் மூன்று சுழிகளும் பக்கவாட்டில் நெருங்கி நிற்பவை. உட்புள்ளியின் நுணுக்கம் வேண்டப்படுவது அத்திசையிலேதான். தமிழெழுத்தின் தலைமட்டத்தையும் அடிமட்டத்தையும் தானியங்கிக் குறிப்பாக்கி அறியும். ஆதலால் கைக்குறிப்பு எழுதப்படாத தமிழ் எழுத்துருவும் மேல்கீழாகப் பொருந்தும். எமது கணினியறையின் லினக்ஸ் கணினி ஒன்றில் முழுக்குறிப்பு முறையை மாற்றி, உட்புள்ளியோடு மென்முறையை இட்டு, அதே கட்டுரையை அதே அளவில் திறந்தேன். அருகே நின்ற ஆசிரியர் ஒருவர் எழுத்தின் ஓரத்தில் செம்மை தெரிகின்றது என்றார், எனக்குத் தெரியவில்லை. மூன்று சுழிகளும் தனித்தனியே தெரிந்தன. நான் இட்ட மூன்று குறிகளையும் நீக்கினேன்.