வேங்கடத்து அடிவாரத்தில் தண்ணீரின் விலை

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று இளமையிலேயே படித்தவர்கள் நாம். அம்மலையின் அடிவாரத்துத் திருப்பதியிலும், அதற்குத் தென்மேற்கே உள்ள சித்தூரிலும் இன்று குடியிருந்துவரும் நம்மவர், நகராட்சிக்குத் தண்ணீர் வரி செலுத்தச் செல்லும்போது ஒரு சிறு வியப்பை அடைவர். அதற்கு அங்கே 'குளாயி பன்னு' என்று பெயர். நம்முடைய குழாய்தான் ஓர் எழுத்து மாறித் தெலுங்கில் நிற்கிறது. வயலில் பாயும் நீருக்கு நாம் கொடுப்பது தண்ணீர்த் தீர்வை. அவர்கள் கொடுப்பது 'நீட்டி தீருவா'. இருமொழிக் காகிதங்களோடு பழகியவர்களுக்கு இத்தகைய ஒற்றுமைகள் தனி இன்பம் தருவன. ஆனால் நாம் இங்கே ஆராய விரும்புவது சொல்லை அன்று. அச்சொல்லால் குறிக்கப்படும் பணத்தை.

"எங்கள் பாட்டனார் காலத்தில் தண்ணீருக்கு யார் காசு கொடுத்தார்கள்?" என்று பலர் கேட்கக் கேட்டிருக்கிறோம். கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், வரலாறு அதற்கு இசைந்த விடை தருவதில்லை.

திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த விஜயநகர காலத்துச் சாசனங்களில் ஒரே வகையான ஏற்பாடு மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். பக்தர் ஒருவர் இறைவனுக்கு நாள்தோறும் அமுது படைக்க விரும்புகிறார். அதற்காக இத்தனை 'நற்பணம்' என்று கோயில் பண்டாரத்தில் செலுத்துகிறார். தானத்தார் எனப்பட்ட நிருவாகிகள் அப்பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதில்லை. கோயிலுக்குரிய கிராமங்களில் ஏரியை ஆழப்படுத்தவும், கால்வாய் வெட்டவும் அதைச் செலவிடுகின்றனர். நீர் பெருகினால் விளைச்சல் பெருகும். பெருகிய விளைவைக்கொண்டு திருப்போனகம் நடைபெறும். படைத்த பிரசாதத்தில் நான்கிலொரு பங்கு, பணம் கொடுத்தவருக்கு 'விட்டவன் விழுக்காடு' என்னும் பெயரால் வந்து சேரும். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், கோயில் எவ்வாறு நீர்ப்பாசனத்துக்கு முதலீடு செய்யும் நிலையமாக விளங்கியது என்பதை இச்சாசனங்களைக் கொண்டே விளக்கினார்.

இதை வெறும் புண்ணியக் கணக்கு என்று ஒதுக்கிவிடுவது பிழை. தண்ணீருக்கென்று கொடுத்த பணம் தண்ணீருக்கே திரும்பச் சென்றது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்க செய்தி.

ஏரிகளின் கதையும் இதைப் போன்றதே. அருகிலுள்ள கடப்பை ஜில்லாவின் போருமாமில்ல ஏரிக் கல்வெட்டு 1369ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வேரியை அமைக்க நாள்தோறும் ஆயிரம் ஆட்களும், கல் கொண்டுவர நூறு வண்டிகளும் இரண்டாண்டுகள் உழைத்ததாக அது கூறுகிறது. கட்டிய ஏரியைக் காப்பதற்கும் வழி இருந்தது. தமிழ்நாட்டில் ஏரிப்பட்டி என்று நிலம் விடப்பட்டது. சித்தூர், கடப்பைப் பகுதிகளில் ஏரி கட்டியவருக்கும் காப்பவருக்கும் 'தசபந்தம்' என்ற மானியம் வழங்கப்பட்டது. பத்திலொரு பங்கு என்பது அச்சொல்லின் கருத்து. மதகு திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்கட்டிக்குக் களத்துமேட்டில் நெல் அளக்கப்பட்டது. கரை உடையும் நிலை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வரவேண்டும், அதுவே குடிமராமத்து. அது பழுதற்ற பொற்காலம் என்று யாரும் மயங்க வேண்டாம். மண் சுமந்தவன் பெரும்பாலும் நிலமற்றவன். விளைவைப் பெற்றவன் நிலமுடையவன். ஆங்கில சர்க்கார் 1858இல் இயற்றிய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வரமறுப்பவன் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்று விதித்தது.

குடிநீரின் விலையோ எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அதை நடையால் செலுத்தியவர்கள் பெண்கள். ஆழ்வாரடியார்களில் ஒருவரான திருமலைநம்பி, இறைவனின் திருமஞ்சனத்துக்காகப் பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் குடம் சுமந்து வந்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. அக்கைங்கரியத்துக்குப் புகழ் கிடைத்தது. ஊர்க் கிணற்றிலிருந்து வீட்டுக்குச் சுமந்த தாய்மாரின் குடங்களை எண்ணியவர் எவரும் இலர். அக்கிணற்றருகே செல்லவும் உரிமையின்றி, யாரேனும் இரங்கி ஊற்றும்வரை காத்திருந்த மக்களும் இருந்தனர். அவர்கள் கொடுத்த விலையை எந்த நாணயத்தால் அளப்பது?

1865இல் சென்னை நீர்ப்பாசனத் தீர்வைச் சட்டம் வந்தது. சர்க்காருக்குரிய நீரைப் பாய்ச்சினால் நிலவரியோடு தனித் தீர்வையும் கட்டவேண்டும் என்றாயிற்று. இதன்படி கொடுத்த பணம் ஊர் ஏரிக்கு அன்றி, கஜானாவுக்குச் சென்றது.

நகரங்களில் நடந்தது வேறு. திருப்பதி 1886இலும், சித்தூர் 1917இலும் நகராட்சிகளாயின. 1920ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம், சொத்து வரியின் ஒரு கூறாகத் தண்ணீர், வடிகால் வரியை அமைத்தது. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பே அதற்கு அளவுகோல். அதாவது, மக்கள் குடத்துக்கு வரி கட்டவில்லை, கூரைக்குக் கட்டினார்கள். பழைய பெரிய வீட்டில் தனியே வசிக்கும் மூதாட்டி அதிகமாகவும், சிறு வீட்டில் நெருங்கி வாழும் பத்துப் பேர் குறைவாகவும் செலுத்த நேர்ந்தது உண்மை. ஆயினும், வீடே இல்லாதவரும் தெருக்குழாயில் காசின்றித் தண்ணீர் பிடிக்க முடிந்தது இந்த முறையில்தான். இதனை நாம் குறைகூற விரும்பவில்லை.

1953 அக்டோபர் 1ஆம் தேதி சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. எல்லை மாறிற்றேயன்றி வரியின் அமைப்பு மாறவில்லை; ஆந்திரப் பிரதேசத்தின் 1965ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமும் பெரும்பாலும் அதே வழியில் சென்றது. 2020இல் வந்த திருத்தம்தான் வாடகை மதிப்பை நீக்கி, மனை, கட்டடங்களின் மூலதன மதிப்பைச் சொத்து வரிக்கு அடிப்படையாக்கியது.

இதற்கிடையே தண்ணீர் வரும் தொலைவு நீண்டது. சந்திரகிரிக்கு அருகே கல்யாணி அணை 1977இல் நிறைவுற்று, திருப்பதிக்கும் திருமலைக்கும் நீர் வழங்கலாயிற்று. மலைமேல் கோகர்ப்பம், பாபவிநாசம், ஆகாசகங்கை, குமாரதாரை, பசுபுதாரை ஆகிய இடங்களில் மழைநீர் தேக்கப்படுகிறது. 1983இல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின்படி, சென்னைக்கென்று கிருஷ்ணா நீர் 12 டி.எம்.சி. எல்லையில் தரப்பட வேண்டும். முதல் நீர் 1996இல் வந்தது. அது தங்கிவரும் கண்டலேறு நீர்த்தேக்கமே திருப்பதிக்கும் நீர் தருகிறது. ஆகவே சென்னையிலும் திருப்பதியிலும் வாழும் உறவினர், தம்மை அறியாமலே ஒரே நீரைப் பருகுகின்றனர்! இந்நீரை ஏற்றி இறக்குவதற்கு மின்சாரம் வேண்டும். வரிப் பணத்தில் கணிசமான பகுதி அதற்கே போகிறது.

குழாய் எட்டாத இடங்களின் நிலையோ வேறு. சித்தூர்ப் பகுதியில் ஆயிரம் அடி ஆழம்வரை ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவோர் உண்டு. அதுவும் வற்றினால் லாரித் தண்ணீர். குடிப்பதற்குக் கேன் தண்ணீர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேன் ஒன்றில் 20 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 50 கேன்கள் வேண்டும். கேன் இருபது ரூபாய் என்று கொண்டால் ஆயிரம் லிட்டர் ஆயிரம் ரூபாய் ஆகிறது. மீட்டர் வைத்த வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர்வரை கட்டணமில்லை என்று தில்லியில் 2015இல் அறிவிக்கப்பட்டதை அங்குள்ள நேயர்கள் அறிவர். அந்த அளவு நீரைக் கேன்களில் வாங்கினால் இருபதாயிரம் ரூபாய்! குடிநீர் வேறு, புழங்கும் நீர் வேறு என்று சமாதானம் சொல்லலாம். எனினும் குழாய் இல்லாத ஏழையே குடத்துக்கு மிக அதிக விலை கொடுக்கிறான் என்பது மறுக்கவியலாதது.

பழைய ஏரிகள் என்னவாயின? ஆந்திரப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பாசனப் பராமரிப்பை உழவர் சங்கங்களிடம் ஒப்படைக்க முற்பட்டது. நகரத்தாரின் குழாய் வரியோ ஏரிக்கரையை எட்டுவதில்லை. ஏரி நிரம்பினால்தான் தம் கிணறுகளில் ஊறும் என்பதை நகரத்தாரும் மறந்துவிட்டனர். திருப்பதிக்கு அருகே இராமச்சந்திராபுரத்தை அடுத்து இராயலசெருவு என்ற பேரேரி இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்வர். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் அதன் கரை கசியத் தொடங்கியது. கீழேயுள்ள கிராமங்களின் மக்களை வெளியேற்றிவிட்டு, மூட்டைகளை அடுக்கிக் கசிவை அடைத்தனர். கரை நின்றது.