மீனின் கெடுதலை மின்வழி அறிதல்: உள்நாட்டுச் சந்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்வராயன் மலைமீதுள்ள கரியாலூர் வங்கக் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், அங்கு விலைக்கு வரும் கடல்மீன் எவ்வளவு நேரம் ஐஸில் இருந்தது, ஐஸ் எப்போது உருகியது என்பவற்றை வாங்குவோர் செவுளின் நிறத்தையும் சதையின் விறைப்பையும் கொண்டே ஊகிக்க வேண்டியுள்ளது. மீன் கரைத்த நீரை வளர்தட்டில் ஊற்றி, 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்து, முளைக்கும் பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணும் வழக்கமான சோதனை நம்பகமானதுதான். ஆனால் முடிவு வரும்போது மீன் சமைத்து உண்ணப்பட்டிருக்கும்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் அடிப்படையை ஜி. என். ஸ்டூவர்ட் 1899ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பாக்டீரியாக்கள் பெருகும்போது, மின்னூட்டமற்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைத்து மின்னூட்டமுள்ள சிறு அயனிகளாக்குவதால், வளர்ப்பு ஊடகத்தின் மின்கடத்துதிறன் உயர்கிறது. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி உயிரணுக்கள் சேர்ந்ததும் அந்த உயர்வு கருவியில் தெளிவாகத் தெரியும். அதுவரை கழியும் நேரமே ‘கண்டறி நேரம்’ எனப்படுகிறது. தொடக்கத்தில் பாக்டீரியா மிகுந்திருந்தால் இந்நேரம் குறையும் என்பதால், மிகவும் கெட்ட மீன் சில மணி நேரத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கடல்மீனில் இம்முறைக்கு இயற்கையே துணைநிற்கிறது. கடல்மீன் சதையிலுள்ள டிரைமீத்தைலமீன் ஆக்சைடு நிகர மின்னூட்டம் அற்றது. ஐஸில் வைத்த மீனைக் கெடுக்கும் ஷீவனெல்லா இனம் இதை டிரைமீத்தைலமீனாக ஒடுக்க, அது மின்னூட்டம் பெற்றுக் கடத்துதிறனைச் சட்டென உயர்த்துகிறது. கெட்ட மீனின் கவிச்சி வாடைக்கும் இப்பொருளே பெரிதும் காரணம் என்பதால், மூக்கு உணர்வதையும் கருவி அளப்பதையும் இணைப்பது ஒரே வேதிவினை. ஆகவே, இம்முறை பாக்டீரியாக்களைத் தனித்தனியே எண்ணுவதில்லை என்பதைக் குறையாகக் கருதுவது பொருந்தாது. மீனைக் கெடுப்பது எண்ணிக்கையைவிடச் செயல்பாடே.

நோய்க்கிருமிகள் குறித்து இவ்வாதம் செல்லாது. சால்மோனெல்லா 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூட இருக்கலாகாது. 1985இல் ஈஸ்டர், கிப்சன் ஆகிய ஆய்வாளர்கள் அதற்கென இதே ஆக்சைடு சேர்ந்த ஊடகத்தை வகுத்தாலும், சிட்ரோபாக்டர் போன்ற உறவினங்களும் அதில் ஒத்த மாற்றத்தை எழுப்பக்கூடும்; வளர்தட்டு உறுதிப்பாடு இங்குத் தவிர்க்க இயலாதது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைகளைக் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தபின் ஏற்றுமதி ஆலைகளில் கண்காணிப்பு இறுகியது; உள்நாட்டு மீனுக்கும் அதே அக்கறை உரியது.

எனினும், கண்டறி நேரத்தைக் கெடுதலின் அளவோடு இணைக்க, குளிர்கடல் மீன்களைக் கொண்டு வகுத்த அளவுகோட்டை அப்படியே இங்கு எடுத்தாள முடியாது. அணைகளில் வளரும் கெண்டை முதலிய நன்னீர் மீன்களில் இந்த ஆக்சைடு பெரும்பாலும் மிகக் குறைவு. அவற்றைக் கெடுக்கும் சூடோமோனாஸ் வகைகள் அதை ஒடுக்குவதும் இல்லை. ஆக்சைடு ஊடகத்தை மட்டும் நம்பினால் கெட்ட கெண்டையும் நல்லதாகத் தோன்றும். நன்னீர் மீனுக்கு வேறு ஊடகமும் தனி அளவுகோடும் வேண்டும். மேலும், ஒரு டிகிரி வெப்ப மாற்றமே கடத்துதிறனை ஏறத்தாழ இரண்டு விழுக்காடு மாற்றிவிடும் என்பதால், மீன் இறங்கும் துறைமுகத்தில், சீரான மின்சாரமும் வெப்பக் கட்டுப்பாடும் உள்ள ஆய்வகத்திலேயே கருவியை வைத்து, மலைக்கு ஏற்றும் சரக்கின் மாதிரிகளை அங்கேயே சோதிப்பது தகும்.