எட்மன்டன் ஆயிலர்ஸ்: ஏட்டில் எழுதிய முன்கள வரிசைகள்

எட்மன்டன் ஆயிலர்ஸ், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டனைச் சேர்ந்த தொழில்முறைப் பனி ஹாக்கி அணி. தேசிய ஹாக்கி லீகில் 1979 முதல் ஆடிவரும் இவ்வணி, 1984க்கும் 1990க்கும் இடையில் ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதே அணி 2006-07 பருவம் தொடங்கி 2015-16 பருவம் வரை தொடர்ந்து பத்துப் பருவங்கள் பிளேஆஃப் சுற்றை எட்டிப் பார்க்கவில்லை. இந்த இடைவெளியில், லீகின் புதிய வீரர் தேர்வில் 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதல் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இவ்வணிக்கே கிடைத்தது. அவ்வாறு வந்த இளைஞர்களை வைத்து, வருங்கால முன்கள வரிசைகள் ஏட்டில் எழுதப்பட்டன. அவை ஏன் பலிக்கவில்லை என்பதும், பின்னர் வேறொரு வரிசை எவ்வாறு உருவானது என்பதும் அணிக் கட்டமைப்பின் வரலாற்றில் அறியத்தக்க பாடங்கள்.

வரிசை என்பது என்ன?

பனி ஹாக்கியில் ஓர் அணியின் சார்பில் வழக்கமாக ஆறு பேர் களத்தில் இருப்பார்கள்: மூன்று முன்கள வீரர்கள், இரண்டு தற்காப்பு வீரர்கள், ஒரு கோல் காப்பாளர். இடது விங்கர், சென்டர், வலது விங்கர் ஆகிய மூன்று முன்கள வீரர்களும் சேர்ந்ததே ஒரு வரிசை. ஓர் ஆட்டத்துக்கு நான்கு வரிசைகள், அதாவது பன்னிரண்டு முன்கள வீரர்கள் களமிறங்குவர். முழு வேகத்தில் சறுக்கி ஆடுவதால் ஒரு வரிசை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ந்து ஆட முடியும். பின்னர் அடுத்த வரிசை உள்ளே வரும்.

மூவரில் சென்டரின் பொறுப்பு பெரிது. நடுவர் பக் எனப்படும் ரப்பர் வட்டைக் களத்தில் போடும்போது எதிரணி வீரருடன் மோதி அதைக் கைப்பற்ற வேண்டியவர் பெரும்பாலும் அவரே. சொந்தக் கோல் வரை பின்வாங்கி வந்து தற்காப்புக்குத் துணை நிற்பதும் அவரது வேலை. விங்கர் ஒரு வரிசைக்குக் கூர்மை தருகிறார் என்றால், சென்டர் அதற்கு முதுகெலும்பாக இருக்கிறார்.

லீகின் வீரர் தேர்வில் பெரும்பாலும் பதினெட்டு வயது இளைஞர்களே எடுக்கப்படுகிறார்கள். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்குக் குலுக்கல் முறையில் முன்னுரிமை கிடைக்கும். ஆகவே, தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் நம்பிக்கை முழுவதும் இந்த இளைஞர்கள் மீது குவிகிறது. அடுத்த ஐந்தாண்டுகளில் யார் சென்டர், அவருக்கு இருபுறமும் யார், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கணக்கிட்டு வரிசைகளை எழுதும் வழக்கம் அணி நிர்வாகத்தோடு நிற்பதில்லை. பத்திரிகையாளர்களும் ரசிகர்களும்கூட எழுதிப் பார்க்கிறார்கள்.

வீழ்ச்சி

2006இல் ஆயிலர்ஸ் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டி வரை சென்று, ஏழாவது ஆட்டத்தில் கரோலினா ஹரிக்கேன்ஸ் அணியிடம் தோற்றது. அந்தக் கோடையிலேயே முதன்மைத் தற்காப்பு வீரர் கிறிஸ் பிராங்கர் தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டு அனஹைம் சென்றார். 2007 பிப்ரவரியில், நீண்டகாலம் அணியின் முகமாக விளங்கிய ரையன் ஸ்மித்தும் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு மாற்றப்பட்டார். 2009-10 பருவத்தில் அணி 62 புள்ளிகளுடன் லீகின் கடைசி இடத்துக்கு இறங்கியது. ஆங்காங்கே ஒட்டுப்போடுவதைக் கைவிட்டு, இளைஞர்களைக் கொண்டு அடியிலிருந்து கட்டுவது என்ற வழியை நிர்வாகம் அதன்பின் எடுத்தது.

மூன்று முதல் தேர்வுகள்

2010 தேர்வில் இருவர் பெயர் முன்னால் நின்றது: இடது விங்கர் டெய்லர் ஹால், சென்டர் டைலர் செகின். ஆயிலர்ஸ் ஹாலை எடுத்தது. செகினை இரண்டாவதாக பாஸ்டன் எடுத்தது. 2011இல் சென்டர் ரையன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், 2012இல் ரஷ்ய விங்கர் நெயில் யாகுபோவ் ஆகியோர் முதல் தேர்வாக வந்தனர். 2008இல் 22ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட வலது விங்கர் ஜோர்டன் எபர்லே, 2009இல் பத்தாவதாக எடுக்கப்பட்ட சுவீடன் விங்கர் மேக்னஸ் பாயார்வி ஆகியோரும் ஹாலுடன் 2010-11 பருவத்தில் அறிமுகமாயினர்.

முதல் வரிசை ஏட்டில் அழகாகவே அமைந்தது: இடப்புறம் ஹால், நடுவில் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், வலப்புறம் எபர்லே. நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. எபர்லே 2011-12இல் 34 கோல்கள் அடித்தார். யாகுபோவ் தம் முதல் பருவத்தில் 48 ஆட்டங்களில் 17 கோல்கள் அடித்தார். ஹாலுக்கும் எபர்லேக்கும் 2012இலும், நியூஜென்ட்-ஹாப்கின்ஸுக்கு 2013இலும் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் வீதம் நீண்டகால ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன.

ஏட்டில் தெரியாத ஓட்டைகள்

2014-15 பருவத்தில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய ஊதிய உச்சவரம்பு 6 கோடியே 90 லட்சம் டாலர். அதில் 1 கோடியே 80 லட்சம் டாலர், கால் பங்குக்கும் மேல், இந்த மூவருக்கே சென்றது. எஞ்சிய பணத்தில் தற்காப்பு, கோல் காப்பு, மற்ற மூன்று வரிசைகள் அனைத்தும் அமைய வேண்டியிருந்தது. முன்கள வரிசையை மட்டும் எழுதிப் பார்ப்பவர் கண்ணில் இந்தக் கணக்கு படாது.

இரண்டாவது குறை சென்டர் இடத்தில் இருந்தது. கையிருப்பில் விங்கர்கள் மிகுந்திருந்தனர், சென்டர்கள் குறைவு. இரண்டாம் வரிசைச் சென்டரான சாம் கேக்னர் 2014இல் வேறு அணிக்கு மாற்றப்பட்டபின், அப்பொறுப்பு அவ்வாண்டுத் தேர்வில் மூன்றாவதாக எடுக்கப்பட்ட, பதினெட்டே வயதான ஜெர்மானியர் லியோன் டிரைசைட்டில் தோளில் ஏறியது. 37 ஆட்டங்களில் அவர் இரண்டு கோல்களே அடிக்க முடிந்தது. 2015 தொடக்கத்தில் அவர் மீண்டும் இளையோர் லீகுக்கு அனுப்பப்பட்டார்.

மூன்றாவது, நிலையின்மை. 2010க்கும் 2014க்கும் இடையில் டாம் ரென்னி, ரால்ஃப் க்ரூகர், டாலஸ் ஈக்கின்ஸ் என மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தனர். கற்றுக்கொள்ளும் வயதிலிருந்த வீரர்கள் ஒரு முறைக்குப் பழகுவதற்குள் அடுத்த முறை வந்தது. 2014-15இல் அணி பெற்றது மீண்டும் 62 புள்ளிகள், ஐந்தாண்டுகளுக்கு முன் பெற்ற அதே எண்ணிக்கை.

2012இல் யாகுபோவுக்குப் பதிலாகத் தற்காப்பு வீரரை எடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அவ்வாண்டு இரண்டாவதாக கொலம்பஸ் எடுத்த தற்காப்பு வீரர் ரையன் மரேயின் ஆட்டவாழ்வைத் தொடர் காயங்கள் குலைத்தன. பாஸ்டன் எடுத்த செகினோ 2013இலேயே டாலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பதினெட்டு வயது இளைஞரின் வருங்காலத்தைக் கணிப்பது எல்லா அணிகளுக்கும் கடினமாகவே இருந்தது.

சிகாகோவின் வழி

அதே காலத்தில் மறுகட்டமைப்பில் வென்ற அணி சிகாகோ பிளாக்ஹாக்ஸ். சென்டர் ஜொனாதன் டேவ்ஸை 2006இல் மூன்றாவதாகவும், விங்கர் பேட்ரிக் கேனை 2007இல் முதலாவதாகவும் அது எடுத்தது. அவர்கள் வருமுன்பே, 2002இல் 54ஆவதாக எடுத்த டங்கன் கீத், 2003இல் 14ஆவதாக எடுத்த பிரென்ட் சீப்ரூக் ஆகிய தற்காப்பு வீரர்கள் அணியில் ஊன்றியிருந்தனர். பேட்ரிக் ஷார்ப் வீரர் பரிமாற்றத்தின் மூலமும், அனுபவமிக்க மாரியன் ஹோசா 2009இல் ஒப்பந்தத்தின் மூலமும் வந்து சேர்ந்தனர். 2010இல், 49 ஆண்டுகளுக்குப் பின் சிகாகோ கோப்பையை வென்றது. தேர்வில் வந்த இருவரும் ஏற்கெனவே அடித்தளம் எழும்பிய வீட்டில் குடியேறினர். எட்மன்டனில் அடித்தளம் இன்றியே மாடி எழுப்பப்பட்டது.

வரிசை கலைந்தது

2015 தேர்வுக் குலுக்கலில் 11.5 சதவீத வாய்ப்பே இருந்தும் ஆயிலர்ஸ் வென்று, சென்டர் கானர் மெக்டேவிட்டை எடுத்தது. பழைய ஏடு அத்துடன் பொருளிழந்தது. 2016 ஜூனில் ஹால், தற்காப்பு வீரர் ஆடம் லார்சனுக்கு ஈடாக நியூஜெர்சிக்கு அனுப்பப்பட்டார். ஆறு பருவங்கள் ஆயிலர்ஸுக்கு ஆடிய ஹால் அங்கு ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூடக் காணவில்லை. நியூஜெர்சியில் 2018இல் லீகின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை அவர் பெற்றபோது, குறை அவர் திறமையில் இருக்கவில்லை என்பது தெளிவானது. 2016 அக்டோபரில் யாகுபோவும் 2017 ஜூனில் எபர்லேயும் விடைபெற்றனர். யாகுபோவ் 2018இல் ரஷ்யா திரும்பினார். நகரம் பத்தாண்டுகள் காத்திருந்தது என்றால், இந்த இளைஞர்களும் தம் ஆட்டவாழ்வின் தொடக்க ஆண்டுகளை அந்தக் காத்திருப்புக்குக் கொடுத்தனர்.

2024இல் களமிறங்கிய வரிசை

மெக்டேவிட், டிரைசைட்டில் என்ற இரு சென்டர்களைச் சுற்றி அணி மெல்ல எழுந்தது. 2017இல் பிளேஆஃப் திரும்பியது. 2024இல் ஸ்டான்லி கோப்பை இறுதியில் ஃபுளோரிடா பாந்தர்ஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, அடுத்த மூன்றை வென்று, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என வீழ்ந்தது.

அப்பருவத்து முதன்மை வரிசையை 2012இன் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுவில் மெக்டேவிட், 2012இல் அவர் பதினைந்து வயதுச் சிறுவன். இடப்புறம் பெரும்பாலும் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ். மூன்று முதல் தேர்வுகளில் எஞ்சியவர் அவர் ஒருவரே. அவரும் எழுதப்பட்ட சென்டர் இடத்தில் இல்லை. வலப்புறம் சாக் ஹைமன். ஹால் முதலாவதாக எடுக்கப்பட்ட அதே 2010 தேர்வில் 123ஆவதாக எடுக்கப்பட்டவர் இவர். எடுத்த அணி, 2024 இறுதியில் எதிரே நின்ற ஃபுளோரிடாவேதான். ஃபுளோரிடாவுக்கு ஒரு நாளும் ஆடாமல் டொரொன்டோவில் வளர்ந்து, 2021இல் எட்மன்டனுக்கு வந்த ஹைமன், 2023-24 பருவத்தில் 54 கோல்கள் அடித்தார். 2012இல் எவர் எழுதிய வரிசையிலும் இம்மூவர் சேர்ந்திருக்க வழியில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் வருங்கால வரிசைகளை எழுதிப் பார்ப்பதே வீண் என்று இவ்வரலாற்றிலிருந்து முடிவு செய்ய வேண்டியதில்லை. எழுதும்போதுதான் சென்டர் இடம் காலியாக இருப்பதும், பணம் ஒரே பக்கம் சாய்வதும் தெரியவரும். எழுதிய பெயர்களையே அணி என்று நம்பி, அவர்களுக்குப் பின்னால் தற்காப்பையும் அனுபவத்தையும் நிறுத்தத் தவறியதே எட்மன்டனின் பிழை. அதற்கான விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் ஏட்டை எழுதியவர்கள் அல்லர். அதில் பெயர் எழுதப்பட்ட இருபது வயது இளைஞர்களே.