உரிமை தந்த சிற்றூர்கள்

நான் இங்குக் கூற விழைவது தென்மேற்குப் பிரான்சின் பாஸ்திது ஊர்களைப் பற்றி. அவ்வட்டாரத்தார் வழிவழியாகப் பேசிய ஒக்சிதன் மொழியில், புதிதாகக் கட்டியெழுப்பிய ஊர் என்பது அதன் கருத்து. 1222-இல் துலூசுக் கோமகன் ஏழாம் ரெய்மோன் அமைத்த கோர்து தொடங்கி, நூற்றைம்பது ஆண்டுகளில் இத்தகைய ஊர்கள் முந்நூறுக்கும் மேல் எழுந்தன. பிரெஞ்சு மன்னரும், அக்கீத்தேன் நாட்டை ஆண்ட இங்கிலாந்து மன்னரும் போட்டியிட்டு ஊர் கண்டனர். ஊர் கண்டால் போதுமா, குடிகள் வேண்டாவா? ஆதலின் வந்து குடியேறும் உழவனுக்கு வீட்டுமனையும் தோட்டமும் அளித்து, பண்ணையடிமைத் தளை நீங்கும் உரிமையையும் சாசனமாக எழுதித் தந்தனர். இதனைக் கருணை என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. வரியும் சந்தைச் சுங்கமும் அவர்கள் கண்முன் நின்றன. எனினும் சாசனம் சாசனமே அன்றோ!

முதலாம் எட்வர்டின் பெயரால் 1284-இல் தோன்றிய மோன்பசியே ஊரில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. மனைகள் ஏறக்குறைய ஒரே அளவின. ஊர் நடுவே கோட்டை இல்லை. சந்தைச் சதுக்கமே உண்டு. அங்குள்ள மரக்கூரை மண்டபத்தில் பழைய தானிய அளவைகளை இன்றும் காணலாம். சந்துகளுக்கு வழங்கும் 'கரெய்ரு' என்னும் பெயரும் ஒக்சிதனே. அண்டை நிலப்பிரபுக்களோ, தம் குடியானவர்கள் இரவோடிரவாக இவ்வூர்களுக்கு ஓடிவிடுவதாக முறையிட்ட வண்ணம் இருந்தனர்.